மர மெஷின் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் வீட்டுச் சாய்ப்பில் (வீட்டை ஒட்டிய சாய்வுக் கூரைக் கொட்டகை) மர வேலை செய்கிறவர்களுக்கு இடம்தான் முதல் சிக்கல். சாய்ப்புச் சுவருக்கும் பக்கத்து வீட்டு அடுக்களை ஜன்னலுக்கும் நடுவில் பெரும்பாலும் மூன்று நான்கு மீட்டர்தான் இருக்கும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 1 மீட்டரில் 95 டெசிபல் காட்டும் அறுப்பு மெஷின் 4 மீட்டரில் 83, 8 மீட்டரில் 77. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவோ பகலில் 55, இரவில் 45. தூரத்தை நம்பி ஒன்றும் ஆகாது.

புகார் வந்ததும் பலர் ஓடிப்போய் தெர்மோகோலும் முட்டை அட்டையும் வாங்கிச் சுவரில் ஒட்டுகிறார்கள். இரண்டுக்கும் எடை கிடையாது. எடை இல்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டை அறைக்குள் இருக்கும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், தெர்மோகோல் அதையும் செய்யாது. பணம் செலவழிக்கும் முன் சத்தம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று பாருங்கள். அதன் பிறகு இந்த வரிசையில் போங்கள்: மெஷின், அதன் கால், சாய்ப்பின் ஓட்டைகள், கடைசியாகத்தான் சுவர்.

முதல் சோதனை: காற்று வழியா, தரை வழியா

எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, பக்கத்து வீட்டாரிடம் கேட்டு அவர்கள் ஜன்னல் படியிலோ பொதுச் சுவரின் மேலோ வையுங்கள். மெஷினை மரம் கொடுக்காமல் ஓடவிடுங்கள். தண்ணீரை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக நின்று அதில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். அந்த வெளிச்சம் கலங்கி, விளிம்பிலிருந்து மெல்லிய வளையங்கள் நடுங்கினால் அதிர்வு தரை வழியாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வளையம் இல்லாவிட்டாலும், சுவரில் காதை ஒட்டிவைத்தால் மட்டும் உறுமல் கேட்கிறது என்றால் அதுவும் தரை வழிதான்.

அடுத்து அவர்கள் ஜன்னலை மூடித் திறந்து கேட்கவும். மூடினால் நன்றாகக் குறைகிறதா? காற்று வழி. மூடினாலும் அப்படியே இருக்கிறதா? தரை வழி. இரண்டும் கலந்திருந்தால் தரையை முதலில் சரிசெய்யுங்கள். அதிர்வு நிற்காதவரை சுவரில் என்ன ஒட்டினாலும் அது பேசிக்கொண்டேதான் இருக்கும்.

கைபேசி டெசிபல் செயலி காட்டும் எண்ணைச் சட்ட அளவாக எடுக்க முடியாது. ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். ஒரே கைபேசி, காம்பவுண்டுச் சுவரில் ஒரே இடம், ஒரே மரத்துண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எண்ணைக் குறித்துவையுங்கள். 10 டெசிபல் இறங்கினால் காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். 2 டெசிபல் இறங்கியதைப் பக்கத்து வீட்டார் கவனிக்கவே மாட்டார்கள்.

அறிகுறி 1: ஸ்விட்ச் போட்டதும் "ங்ங்ங்" என்று ஒரே சீரான முனகல்

மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது ஸ்விட்சை அணைத்துக் காது கொடுங்கள். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

அணைத்த அந்த நொடியிலேயே முனகல் அறுந்து, சுற்றும் சத்தம் மட்டும் மிஞ்சினால் அது மின்சார முனகல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மோட்டாரின் காந்த முனகல் 100 ஹெர்ட்ஸில் வரும். மோட்டார் காலின் போல்ட், மோட்டார் மூடி, காற்றாடி உறை ஆகியவற்றை இறுக்குங்கள். சிங்கிள் பேஸ் மோட்டாராக இருந்தால் கெப்பாசிட்டர் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முனகிக்கொண்டே கிளம்ப மறுத்தால் ஸ்டார்டிங் கெப்பாசிட்டரோ சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சோ போயிருக்கும். அப்படி இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைத்திருந்தால் வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) கருகக்கூடும். கெப்பாசிட்டரைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கி, அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்க வேண்டும். பழக்கம் இல்லையென்றால் வைண்டிங் கடையில் கொடுத்துவிடுங்கள்.

முனகல் வேகத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தேய்ந்தால் பேரிங், பெல்ட், பிளேடு மூன்றில் ஒன்று. வேகம் இறங்கும்போது ஒரு கட்டத்தில் மட்டும் மெஷின் முழுவதும் கடகடவென்று உதறிவிட்டு அடங்கினால் ஸ்டாண்டுதான் குற்றவாளி. அந்த வேகமும் ஸ்டாண்டின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போகின்றன. கால்களுக்கு நடுவே குறுக்குப் பட்டை வெல்டு செய்யுங்கள், அடித்தட்டில் 20 கிலோ மணல் மூட்டை வையுங்கள். மணல் எடையும் தரும், அதிர்வையும் விழுங்கும்.

அறிகுறி 2: பக்கத்து வீட்டுச் சுவர் உறுமுகிறது

தரை வழி அதிர்வுக்கு ரப்பர்தான் மருந்து. ரப்பர் விளையும் ஊரில் ரப்பருக்குப் பஞ்சமில்லை என்று உலர்த்திய ஷீட்டை மடித்து மெஷின் காலுக்கு அடியில் வைப்பது இங்கே சகஜம். அது வல்கனைஸ் செய்யாத, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்காத ரப்பர். நாளடைவில் பாரம் தாங்காமல் பரந்து, சப்பையாகி, தரையோடு ஒட்டிக்கொள்ளும். வல்கனைஸ் செய்த பேட் வாங்குங்கள். டயர் கடையில் கிடைக்கும் லாரி டயர்த் துண்டும் ஆகும், ஆனால் கம்பி இல்லாத பகுதியாகப் பாருங்கள்.

பேட் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். அமுங்காத ரப்பர் வெறும் கல். நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டார் நொடிக்கு 24 முறை உதறும். அதைப் பிரித்து நிறுத்த மெஷின் எடையில் பேட் ஏறத்தாழ 4 மி.மீ. அமுங்க வேண்டும். 2880 சுற்று மோட்டாருக்கு 1 முதல் 1.5 மி.மீ. போதும். மெதுவாகச் சுற்றும் மோட்டாருக்குத்தான் மெத்தென்ற பேட் தேவை. 25 மி.மீ. தடிமன் பேட் 10 முதல் 15 சதவீதம் அமுங்கினால் சரியான பாரம். 4 மி.மீ. கிடைக்காவிட்டால் இரண்டு பேட்டை அடுக்கி, நடுவே 3 மி.மீ. இரும்புத் தகடு வையுங்கள். அமுங்கவே இல்லையென்றால் பேட்டின் பரப்பைக் குறைத்து வெட்டுங்கள்.

வேலை இந்த வரிசையில்:

1. மெஷின் காலைத் தரையில் பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட்டைக் கழற்றவும். ரப்பர் வைத்துவிட்டு அதே போல்ட்டை ரப்பர் வழியாகத் தரையில் இறுக்கினால், அதிர்வு போல்ட் வழியாக இறங்கிவிடும். பலர் தோற்பது இங்கேதான்.

2. 75 × 60 செ.மீ. அளவில் 7.5 செ.மீ. தடிமனுக்கு, 8 மி.மீ. கம்பி கட்டி ஒரு கான்கிரீட் பலகை வார்க்கவும். எடை 80 கிலோ வரும். மெஷினை இந்தப் பலகையில் போல்ட் போட்டுப் பிடிக்கவும்.

3. பலகையின் நான்கு மூலைக்கும் அடியில் பேட் வைக்கவும். நான்கும் ஒரே அளவு அமுங்குகிறதா என்று அடிக்கோலால் அளக்கவும். மோட்டார் பக்கம் அதிகம் அமுங்கினால் அங்கே பெரிய பேட்.

4. தூசிக் குழாய், மின்குழாய் இரண்டையும் மெஷினிலிருந்து அரை மீட்டருக்காவது வளையும் குழாயாக மாற்றவும். பிவிசி குழாயைக் கிளாம்ப் போட்டுப் பொதுச் சுவரில் அடித்திருந்தால் எடுத்துவிடவும்.

5. மெஷின் உடல் எந்தச் சுவரையும் தொடக்கூடாது. ஒரு விரல் இடைவெளி போதும்.

டேபிள் சா என்னும் மேசை அறுப்பு மெஷின் ரப்பரில் ஆடினால் மரம் தள்ளும்போது ஆபத்து. கான்கிரீட் பலகை வேண்டும் என்பது அதற்கும் சேர்த்துத்தான். பெரிய மரம் கொடுக்கும்போது மெஷின் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் அளவுக்கு மீறி மெத்தென்று இருக்கிறது.

அறிகுறி 3: மரம் தொடும் முன்பே பிளேடு விசிலடிக்கிறது

40 பல் பிளேடு 2880 சுற்றில் ஓடினால் நொடிக்கு 1920 பல் கடந்துபோகும். 60 பல் என்றால் 2880. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி இது. பல்லுக்கு நடுவே உள்ள குழியில் காற்று சுழன்று, பிளேடின் தகடு மணி மாதிரி ஒலிக்கும்போது விசில் பிறக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை ஒரு விரலில் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கோவில் மணி போல நீண்டு ஒலித்தால் அந்தப் பிளேடு விசிலடிக்கும். "டக்" என்று அடங்கினால் நல்லது. தகட்டில் புழு ஊர்ந்த தடம் போல லேசர் கீறல்கள் இருக்கும் பிளேடுகள் இதற்காகவே செய்யப்பட்டவை. அடுத்த முறை வாங்கும்போது அதைக் கேளுங்கள். இருக்கும் பிளேடுக்கு இரு பக்கமும் ஸ்டெபிலைசர் காலர் என்னும் வட்டத் தகடு மாட்டலாம், வெட்டும் ஆழம் கொஞ்சம் குறையும்.

விசிலோடு அறுக்கும்போது அலறலும் வந்தால் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது பிசின் ஏறியிருக்கிறது. பச்சை முழுதாக வற்றாத அயனியும் பலாவும் பல்லின் பக்கங்களில் பால் பிசின் பூசிவிடும். பல் உரசும், சூடாகும், அலறும். பிளேடைக் கழற்றி அகலத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து மாட்டவும். தேக்கில் மணற்சத்து உண்டு. அது பல்லை வேகமாக மழுக்கும். தேக்கு அதிகம் அறுப்பவர்கள் சாணை பிடிக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நீளவாக்கில் கிழிக்க 24 பல், குறுக்கே அறுக்க 60 பல். 60 பல்லை வைத்துக் கிழித்தால் சத்தமும் புகையும்தான் மிச்சம்.

அறிகுறி 4: பிளேனர் சங்கு ஊதுவது போல ஊளையிடுகிறது

எல்லா மெஷினிலும் பக்கத்து வீட்டாரை அதிகம் சோதிப்பது பலகை இழைக்கும் இந்த மெஷின்தான். நேரான கத்தி மேசை உதட்டை (கத்திக்கு அருகில் உள்ள மேசை விளிம்பு) கடக்கும் ஒவ்வொரு முறையும் நடுவில் சிக்கிய காற்றை மொத்தமாகப் பிதுக்கும். மூன்று கத்தி, 4000 சுற்று என்றால் நொடிக்கு 200 முறை. சைரன் வேலை செய்வதும் இப்படியேதான். இவ்வளவு தாழ்ந்த ஒலி மெல்லிய கதவு, தகரம் எல்லாவற்றையும் எளிதாகத் தாண்டும்.

மரம் இல்லாமல் ஓடும்போதே ஊளை பெரிதாக இருந்தால் உதடும் கத்தியும் மிக நெருக்கம். உதட்டில் சீப்புப் பல் போல வெட்டு இருக்கும் மேசை இந்த ஊளையைக் குறைக்கும். வெட்டு இல்லாத மேசையை வீட்டில் ராவித் தள்ளி இடைவெளியைப் பெரிதாக்க வேண்டாம். சின்ன மரத்துண்டு அந்த இடைவெளியில் விழுந்து விரலை இழுத்துப்போகும்.

மரம் கொடுக்கும்போது மட்டும் சத்தம் ஏறினால் கத்தியைப் பாருங்கள். எல்லாக் கத்தியும் ஒரே உயரத்தில், 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் எழும்பியிருந்தால் அது ஒன்றே மரத்தை அடித்துக்கொண்டிருக்கும். இழைத்த முகத்தில் சீரான அலை தெரியும். 3 மி.மீ. எடுக்க வேண்டியதை ஒரே பாஸில் எடுக்காமல் 1 மி.மீ. வீதம் மூன்று பாஸாக எடுங்கள். நேரம் கூடும், சத்தம் நன்றாக அடங்கும். நீண்ட மெல்லிய பலகை தானே தகடு போல அதிர்ந்து பாடும். உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் உருளைத் தாங்கி வைத்தால் அது நிற்கும்.

பணம் போட முடிந்தால் சிறு சதுரக் கத்திகளைத் திருகு வடிவில் பதித்த ஹெலிகல் பிளாக்குக்கு மாறுங்கள். முழு அகலமும் ஒரே நேரத்தில் அடிக்காததால் ஊளை பெரிதும் அடங்கும். சத்தத்துக்காகச் செய்யும் செலவுகளில் மனமார்ந்து பரிந்துரைக்கக்கூடியது இது ஒன்றுதான்.

அறிகுறி 5: பொரபொரவென்ற உரசல், சூடு

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் ஒட்டிக் கேளுங்கள். சுற்றும் பகுதியிலிருந்து கை, முடி, துண்டு எல்லாம் விலகியிருக்க வேண்டும். நல்ல பேரிங் "ஸ்ஸ்ஸ்" என்று மென்மையாக ஓடும். போன பேரிங் ஆற்று மணலை அரைப்பது போலக் கேட்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் விரலில் அந்தக் கரகரப்பு தெரியும்.

வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 6203, 6204, 6205 எண் பேரிங்குகள்தான். எண்ணைப் பார்த்து, இரும்பு மூடி கொண்ட இசட்-இசட் வகைக்குப் பதில் ரப்பர் மூடி கொண்ட 2ஆர்எஸ் வாங்குங்கள். மரத்தூள் மாவு போல நுண்ணியது, இரும்பு மூடியின் இடுக்கில் நுழைந்து கிரீஸை உறிஞ்சிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது, ஈரமும் சேர்ந்துகொள்ளும். மாட்டும்போது அச்சில் ஏற்றினால் உள்வளையத்தில் மட்டும், உறையில் ஏற்றினால் வெளிவளையத்தில் மட்டும் தட்ட வேண்டும். மாற்றித் தட்டினால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் போட்டு, புது பேரிங் அன்றைக்கே சத்தம் போடும்.

அறிகுறி 6: கிளம்பும்போது "டபடப", ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது

வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வி-பெல்ட் புல்லியில் வளைந்த வடிவத்திலேயே இறுகிப்போயிருக்கும். ரந்தா (இழைப்பு), அறுப்பு, துளை மூன்றும் ஒரே மோட்டாரில் ஓடும் கம்பைண்ட் மெஷினில் இது அடிக்கடி வரும். வேலை முடிந்ததும் பெல்ட்டைத் தளர்த்திவையுங்கள், அல்லது துண்டு துண்டாகக் கோத்த லிங்க் பெல்ட் போடுங்கள். இறுக்கம்: இரு அச்சுக்கும் நடுவில் விரலால் அழுத்தினால் 50 செ.மீ. தூரத்துக்கு 8 மி.மீ. இறங்க வேண்டும். இரு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நேரான கட்டையைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். நான்கு இடத்திலும் கட்டை தொட வேண்டும்.

அறிகுறி 7: அறுப்பு நின்ற பிறகும் இரைச்சல் நிற்கவில்லை

தூசி உறிஞ்சி. 95 டெசிபல் அறுப்போடு 85 டெசிபல் உறிஞ்சி சேர்ந்தால் மொத்தம் 95.4 தான், உள்ளே இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அறுப்பு அரை நிமிடம், உறிஞ்சி அரை மணி நேரம். பக்கத்து வீட்டார் மனதில் நிற்பது உறிஞ்சிதான்.

வேக்கம் கிளீனர் வகையில் வழக்கத்தைவிடக் கீச்சுக் குரல் வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. காற்று வராதபோது அந்த மோட்டார் வேகம் கூடும். ஃபில்டரைத் தட்டினால் குரல் இறங்கும். குழாய் மூட்டில் விசில் வந்தால் டேப் சுற்றுங்கள்.

பெட்டி செய்வதென்றால் 18 மி.மீ. பிளைவுட், உள்ளே 50 மி.மீ. ராக்வுல் என்னும் கல் இழைப் பஞ்சு (கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ), அதன் மேல் கண்ணாடி இழைத் துணி. காற்று வெளியேறும் வழி இரண்டு முறை செங்கோணத்தில் திரும்ப வேண்டும். வழியின் குறுக்குவெட்டுப் பரப்பு குழாயின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு: 100 மி.மீ. குழாய்க்கு 10 × 16 செ.மீ. அதற்குக் குறைத்தால் காற்று திணறி மோட்டார் வேகும். பெட்டி போடும் முன் 20 நிமிடம் ஓட்டி மோட்டார் உடலின் வெப்பத்தை அளந்துகொள்ளுங்கள், பெட்டிக்குள் அதே 20 நிமிடம் ஓட்டி மறுபடி அளக்கவும். 10 டிகிரிக்கு மேல் கூடினால் வழியை அகலப்படுத்த வேண்டும். ராக்வுல் வெட்டும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை.

அறிகுறி 8: மெஷின் சரி, சாய்ப்பே மத்தளமாக இருக்கிறது

9 இன்ச் பூசிய செங்கல் சுவர் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். அதே சுவரில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் மொத்தத் தடுப்பு 20-க்கு இறங்கிவிடும். கதவுக்கு அடியில் இருக்கும் இரண்டு விரல் சந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஓட்டுச் சந்து இவையே பெரும் வழி. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் வாசற்படிக் கட்டை. பூசாத ஹாலோ பிளாக் சுவர் சல்லடை மாதிரி. ஒரு பக்கமாவது சிமென்ட் பூசினால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஓட்டுக் கூரையிலும் தகர ஷீட்டிலும் தனித்தனியாக அடைத்து முடியாது. கீழே 12 மி.மீ. சிமென்ட் போர்டில் தனிக் கூரை, நடுவே ராக்வுல். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மட்டும் துளை போடவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கத் தேங்காய்த் தும்புப் பாய் நன்றாக வேலை செய்யும். தும்பு எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் கிரைண்டர் பொறி பறக்கும் பக்கம் கட்டாதீர்கள்.

எல்லாம் செய்தும் முறையீடு நிற்காவிட்டால்

நேரத்தைப் பாருங்கள். விதிப்படி பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும், அந்தப் பக்கம் பாறசாலையிலும் அதே விதிதான். அளவு சராசரியில் பார்க்கப்படுவதால், ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் மட்டும் ஓடும் மெஷினின் சராசரி ஏறத்தாழ 8 டெசிபல் குறையும். வெட்ட வேண்டியதையெல்லாம் முதலில் அளந்து கோடு போட்டு அடுக்கிவைத்து, ஒரே மூச்சில் அறுங்கள்.

ஆனால் விதி அனுமதிக்கிற நேரமெல்லாம் நல்ல நேரம் ஆகாது. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்தவர்கள், அவர்களுக்கு மதியம்தான் உறக்கம். பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டில் மார்ச் மாதம் வேறு. காலை 10 முதல் 12, மாலை 4 முதல் 6 என்பது பெரும்பாலும் ஒத்துவரும். அதையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்: "அக்கா, பத்து மணிக்கு மேல பிளேனர் இருவது நிமிஷம் ஓடும். பிள்ள உறங்குற நேரம்னா சொல்லுங்க, மாத்திக்கிடுதேன்." சொல்லாமல் வரும் இருபது நிமிடம் அவர்களுக்கு எப்போது முடியும் என்று தெரியாத சத்தம்.

கனமான பலகைகளை இழைக்கும் வேலையை மட்டும் மர மில்லுக்குக் கொடுத்து, 1 மி.மீ. கூடுதலாக விட்டு இழைத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மிஞ்சும் அந்த 1 மி.மீ.க்கு கூர் பிடித்த கை இழைப்புளி போதும்.